ஒரே பெயரில் இரண்டு ‘கழிவு’: படுவான்கரை நெல் ஆலையொன்றில் நடந்த பெயர் மோதல்

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு நடுத்தர நெல் ஆலை. சுற்றியுள்ள வட்டைகளில் (வயல்வெளிகளில்) விளையும் நெல்லை வாங்கி, அவித்துக் குற்றி, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள கடைகளுக்கு அரிசி அனுப்புகிறார்கள். கணக்கு நீண்ட காலம் கொப்பியில்தான் நடந்தது. இரண்டு பெரும்போகங்களுக்கு முன்பு, கொள்வனவுக்கும் விற்பனைக்கும் ஒரு கணினிச் செயலி வேண்டும் என்று முதலாளி கேட்டார். அதை எழுதியவர்கள் இருவர். மூத்தவர் கணினித்துறையில் டிப்ளோமா முடித்தவர். இளையவர் உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்துவிட்டு நிரலாக்கத்துக்கு வந்த தங்கச்சி. இருவருக்கும் பைதான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த உறவில்தான் இந்த விஷயம் என்னிடம் வந்தது.

செயலியில் ஃபங்ஷன்களுக்கும் (உள்ளீட்டை வாங்கி ஒரு விடை தரும் நிரல் பகுதிகள்) மாறிகளுக்கும் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்கள்) தமிழிலேயே பெயர் வைத்திருந்தார்கள். பைதானில் 2008இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இது முடியும். மொழியின் சொந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் நாம் வைக்கும் பெயர்கள் தமிழ் எழுத்தில் இருக்கலாம். இதை வெறும் ஆசைக்காக அவர்கள் செய்யவில்லை. ஆலையின் கணக்கப்பிள்ளை பக்கத்தில் இருந்து, “இது சரி, இது இப்படி இல்லை” என்று வாசித்துச் சொல்லக்கூடியதாக இருந்தது. கணக்கின் நெளிவுசுளிவெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதனால் பெயர்களும் பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே வந்தன.

அப்படி வந்த ஒரு பெயர்தான் ‘கழிவு’.

இப்போது அறுவடை மெஷின் வயலிலேயே நெல்லை மூட்டையாக்கிவிடுகிறது. கதிரைக் கட்டி வைத்து உலரவிடும் இடைவெளி இல்லை. அதனால் ஆலைக்கு வரும் நெல்லில் ஈரம் கூடுதலாகவே இருக்கும். காய்ந்த நெல்லுக்கு 14 சதவீத ஈரப்பதன் என்பது கொள்வனவில் வழக்கமான அளவு. அதற்கு மேல் இருந்தால் எடையில் கழிப்பார்கள். கணக்கு இப்படி: 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் தண்ணீர் 18 கிலோ, மீதி 82 கிலோ. அந்த 82 கிலோ, 14 சதவீத நெல்லில் நூற்றுக்கு 86 பங்காக இருக்கும். ஆகவே 82ஐ 86ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 95.35 கிலோ. கழிவு 4.65 கிலோ. ஈரம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் கழிவு இல்லை. மூத்தவர் எழுதிய கழிவு(எடை, ஈரம்) இதைத்தான் செய்தது, சரியாகவும் செய்தது.

பிரித்து எழுதியபோது

முதல் பெரும்போகம் முழுக்க செயலி ஒரே கோப்பில் ஓடியது. அப்புறம் கோப்பு 900 வரிகளைத் தாண்டியது, இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியவில்லை. எனவே மூன்றாகப் பிரித்தார்கள்: கொள்வனவு, விற்பனை, இரண்டையும் கூட்டி நடத்தும் பிரதான கோப்பு. கொள்வனவு மூத்தவருக்கு, விற்பனை இளையவருக்கு.

விற்பனையில் கடைக்காரருக்குக் கொடுக்கும் தள்ளுபடி உண்டு. வணிகம் படித்த யாருக்கும் அதன் பெயர் கழிவுதான். வியாபாரக் கழிவு, காசுக் கழிவு என்று உயர்தரக் கணக்கீட்டில் படித்த சொல். இளையவர் கழிவு(தொகை, வீதம்) என்று ஒரு ஃபங்ஷன் எழுதினார். தொகையை வீதத்தால் பெருக்கி நூறால் வகுத்துத் தரும், ஒரே வரி.

தன் துறைக்குள் ஒவ்வொருவர் வைத்த பெயரும் சரியானது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் “யார் பிழை விட்டது” என்ற பேச்சு கொஞ்ச நேரம் ஓடியது. கணக்கப்பிள்ளைகூட நெல் வரும் வாசலில் நின்றால் ஒன்றையும், அரிசி போகும் வாசலில் நின்றால் மற்றொன்றையும் கழிவு என்றுதான் சொல்வார். கேட்பவருக்கு எந்த வாசல் என்று தெரிவதால் அவருக்குக் குழப்பம் வந்ததில்லை.

பிரதான கோப்பில் ஏற்கனவே இருந்த அழைப்புகளையெல்லாம் திருத்தத் தேவையில்லாமல் இருக்கட்டும் என்று, மேலே இரண்டு வரி போட்டார்கள். கொள்வனவிலிருந்து எல்லாவற்றையும் எடு, விற்பனையிலிருந்து எல்லாவற்றையும் எடு. பைதானில் இதை நட்சத்திரக் குறி போட்டு இம்போர்ட் செய்வது என்போம். கோப்பில் உள்ள பெயர்கள் ஏறக்குறைய அத்தனையும் ஒரே மூச்சில் வந்து கொட்டும்.

அந்தத் திங்கட்கிழமை

புதிய பதிப்பு பெரும்போக அறுவடை மும்முரமாக இருந்த ஒரு திங்கட்கிழமை காலை போடப்பட்டது. பதினொரு மணிக்குள் நெல் கொண்டுவந்த ஏழு பேருக்குக் கணக்குத் துண்டு கொடுத்தாகிவிட்டது.

ஏழாவதாக வந்தவர் வயதான ஒரு விவசாயி. 860 கிலோ. ஈரமானி 13 காட்டியது. துண்டில் கழிவு 111.8 கிலோ.

“காஞ்ச நெல்லுக்கும் கழிவா மனே? மூணு நாள் றோட்டுல காயப்போட்ட நெல்லு இது” என்று கேட்டார்.

தராசடியில் இருந்த பொடியன் மெஷின் காட்டுவதுதான் கணக்கு என்று சொல்லிப் பார்த்தான். பெரியவர் விடவில்லை. 14க்குக் கீழே கழிவு கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கணக்கப்பிள்ளை வந்து துண்டை வாங்கிப் பார்த்தார், பேனையால் கணக்குப் போட்டார், அடுத்த லோட்டை நிறுத்தச் சொன்னார்.

பிறகு மற்ற ஆறு துண்டுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். முதலாவதில் 1,240 கிலோ, ஈரம் 18. கழிந்திருக்க வேண்டியது 57.67 கிலோ. துண்டில் இருந்தது 223.2 கிலோ. அன்று ஆலை கொடுத்த விலை கிலோ 100 ரூபா. அந்த ஒரு மனிதருக்கு மட்டும் 16,553 ரூபா குறைந்திருந்தது.

அந்த ஆறு பேரும் ஒன்றும் கேட்காமல் போயிருக்கிறார்கள். இந்த நிகழ்வில் எனக்கு இன்னும் உறுத்துவது இதுதான். ஈர நெல் கொண்டுவருகிறவர் கழிவு போகும் என்று நினைத்துக்கொண்டே வருகிறார். எவ்வளவு போகும் என்பது அவர் கையில் இல்லை. அதிகம் என்று தோன்றினாலும், கணினித் துண்டில் அச்சாகி வந்ததோடு வாதாட என்ன இருக்கிறது என்று போய்விடுகிறார். காய்ந்த நெல்லோடு ஒருவர் அன்று வராமல் இருந்திருந்தால் இது எத்தனை நாள் ஓடியிருக்குமோ.

முதலில் தேடிய இடம்

முதல் சந்தேகம் ஈரமானி மேல் விழுந்தது. பக்கத்து ஆலையிலிருந்து இன்னொன்றை வாங்கி வந்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே காட்டின. கணினியை அணைத்துப் போட்டார்கள். அதற்குள் மதியம் தாண்டிவிட்டது. அதுவரை கொள்முதல் கொப்பியில் நடந்தது.

மூத்தவர் கொள்வனவுக் கோப்பைத் தனியாகத் திறந்து கழிவு(1240, 18) என்று ஓட்டினார். 57.67. இளையவர் விற்பனைக் கோப்பைத் தனியாக ஓட்டினார். அதுவும் சரி. பிரதான கோப்பின் வழியாக ஓட்டினால் 223.2.

மூன்று மணிபோல எனக்கு அழைப்பு. “சேர், ஃபங்ஷன் சரியாத்தான் இருக்கு, பில்லுல மட்டும் பிழையா வருது.”

223.2 என்ற எண்ணை அவர் சொன்னதும் 1,240ஐ 18ஆல் பெருக்கி நூறால் வகுத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. வேறு யாரோ இந்த இரண்டு எண்களையும் தொகையும் வீதமுமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பைதானில் ஒவ்வொரு ஃபங்ஷனும் தான் எந்த மாட்யூலில், அதாவது எந்த நிரல் கோப்பில், பிறந்தது என்பதை ஒரு பண்பாக வைத்திருக்கும். ‘மாட்யூல்’ என்ற சொல்லின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்டுக் கேட்டால் சொல்லிவிடும். பிரதான கோப்பில் கழிவு எங்கே பிறந்தது என்று அச்சிடச் சொன்னேன். “விற்பனை” என்று வந்தது. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மோதல் எங்கே இருந்தது

பைதானில் ஒரு ஃபங்ஷனை வரையறுப்பது என்பது, ஒரு பொருளைச் செய்து அதன் மேல் ஒரு பெயரை மாட்டுவது, அவ்வளவுதான். இம்போர்ட்டும் அப்படியே. அதே பெயர் இன்னொரு பொருளுக்கு மாட்டப்பட்டால், பெயர்ப்பலகை பழைய வீட்டிலிருந்து கழன்று புது வீட்டுக்குப் போகிறது. பழைய வீடு இடியவில்லை. கொள்வனவுக் கோப்புக்குள் அதன் கழிவு பத்திரமாகத்தான் இருந்தது, அதனால்தான் தனியாக ஓட்டியபோது சரியான விடை வந்தது. பிரதான கோப்பில் இருந்து பார்க்கும்போது மட்டும் அந்த வீட்டுக்குப் பெயர் இல்லை. இரண்டாவது இம்போர்ட் வரி கடைசியாக ஓடியதால் அதன் கழிவு நின்றது.

இதில் பைதான் எச்சரிக்கை எதுவும் தராது. பெயரை மறுபடி மாட்டுவது அதற்குச் சாதாரண வேலை. எல்லா மொழிகளும் இப்படி இல்லை. பிஎச்பி மொழியில் ஒரே பெயரில் இரண்டாவது ஃபங்ஷன் வரையறுத்தால் மறுபடி அறிவிக்க முடியாது என்று சொல்லி ஓட்டம் நின்றுவிடும். சி மொழியில் இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் பொது ஃபங்ஷன் இருந்தால் இணைக்கும் கட்டத்தில் லிங்கர் மறுக்கும். ஆர் மொழியில் ஒரு பொதியை ஏற்றும்போது அது பழைய பெயர் எதையாவது மறைத்தால், மறைக்கிறேன் என்று ஒரு செய்தியாவது வரும். சி++, ஜாவா போன்றவை ஒரே பெயரில் பல ஃபங்ஷன்களை ஏற்கும், ஆனால் உள்ளீடுகளின் எண்ணிக்கையோ வகையோ வேறாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் இரண்டு எண்களை வாங்குகின்றன, இரண்டும் ஓர் எண்ணைத் தருகின்றன. அந்த ஒற்றுமைதான் வினையாகிப் போனது. ஒன்று மூன்று உள்ளீடு கேட்டிருந்தால் முதல் துண்டிலேயே செயலி நின்றிருக்கும்.

இரண்டு இம்போர்ட் வரிகளும் இடம் மாறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் பார்த்தோம். கடைக்காரருக்கு 5 சதவீதத் தள்ளுபடி என்றால், ஈரம் 5 என்று எடுத்துக்கொண்டு, 14க்குக் கீழே ஆதலால் கழிவு பூச்சியம் என்று வந்திருக்கும்.

அன்று மாலை செய்தது

நெல் வாசலில் லொறிகள் நின்றன. அதனால் முதலில் சிறிய திருத்தம். நட்சத்திர இம்போர்ட் இரண்டையும் எடுத்துவிட்டு, தேவையான ஃபங்ஷன்களை மட்டும் பெயர் சொல்லி எடுத்தோம். எடுக்கும்போதே கொள்வனவின் கழிவுக்கு ஒரு மாற்றுப்பெயர், விற்பனையின் கழிவுக்கு வேறொன்று. இம்போர்ட் வரியிலேயே ‘ஆஸ்’ என்ற சொல்லைப் போட்டு இதைச் செய்யலாம், மூலக் கோப்புகளைத் தொடவேண்டியதில்லை. கணக்கப்பிள்ளை கையால் போட்ட ஏழு துண்டுகளோடும் ஒப்பிட்டுச் சரி பார்த்தபின் ஆறு மணிக்குச் செயலி மறுபடி ஓடியது.

முதலாளி அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார். ஏழு பேருக்கும் ஆலையே தேடிப்போய்க் கொடுக்க வேண்டும், அவர்கள் வந்து கேட்கும்வரை இருக்கக் கூடாது. மறுநாள் கணக்கப்பிள்ளையும் மூத்தவரும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பழைய துண்டை வாங்கி, புதிய துண்டும் மீதிக் காசும் கொடுத்தார்கள். கணினியில் ஒரு பெயர் பிழைத்துவிட்டது என்று விளக்கியபோது ஒருவர், “மறுகா இன்னொரு தரம் பிழைக்காதா?” என்று கேட்டாராம். மூத்தவர் அந்தக் கேள்வியோடுதான் திரும்பி வந்தார்.

நிரந்தரத் திருத்தம்: எதைத் தேர்ந்தோம், ஏன்

அந்த வார இறுதியில் மூவரும் உட்கார்ந்தோம். மூத்தவர் இரண்டு கிளாஸ்கள் (தரவையும் அதற்கான ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டும் அமைப்பு) எழுதி, கழிவை இரண்டிலும் மெத்தடாக, அதாவது உள்ளே இருக்கும் ஃபங்ஷனாக, வைக்கலாம் என்றார். இளையவர், “அண்ணா, மாட்யூல் பெயரை முன்னால போட்டாலே போதுமே” என்றார். அதாவது கோப்பை முழுதாக இம்போர்ட் செய்து கொள்வனவு.கழிவு, விற்பனை.கழிவு என்று புள்ளி வைத்து அழைப்பது. இயந்திரத்துக்கு இரண்டு வழியும் போதும். ஒரே பெயர் வெவ்வேறு மாட்யூலுக்குள் இருப்பது பைதானில் குற்றமே இல்லை, மாட்யூல்கள் இருப்பதே அதற்காகத்தான்.

நான் இளையவர் பக்கம் நின்றேன், ஆனால் பெயரையும் மாற்ற வேண்டும் என்றேன். ஒன்று கிலோ தருகிறது, மற்றது ரூபா தருகிறது. ஒரு வரியைத் தனியாக வாசிக்கும் கணக்கப்பிள்ளை “இது எந்தக் கழிவு?” என்று கேட்டால் பெயரே பதில் சொல்ல வேண்டும். அப்படியே ஈர_எடைக்குறைப்பு_கிலோ, விலைக்கழிவு_ரூபா என்று ஆனது. நீளம்தான். நாளுக்கு நூறு தரம் தட்டச்சு செய்யும் பெயர்களல்ல அவை.

இதைவிடப் பலமான பூட்டு ஒன்றையும் போட்டோம். உள்ளீடுகளைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று ஃபங்ஷனைக் கட்டாயப்படுத்தலாம். உள்ளீட்டுப் பட்டியலின் தொடக்கத்தில் ஒரு தனி நட்சத்திரக் குறி போட்டால் போதும். அதன்பின் எடை=1240, ஈரம்=18 என்று எழுதினால்தான் ஏற்கும். இது முதலிலேயே இருந்திருந்தால், தொகையும் வீதமும் எதிர்பார்க்கும் ஃபங்ஷன் ‘எடை’ என்ற பெயரைக் கண்டதும் வகைப்பிழை சொல்லி நின்றிருக்கும், பிழையான துண்டு அச்சாகியிருக்காது. என் மதிப்பில் இந்த நிகழ்வில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் தொழில்நுட்ப விஷயம் இது. பெயர் மோதலைத் தடுக்கத் தவறினாலும், மோதல் நடந்ததை உடனே காட்டிக்கொடுக்கும்.

பெயர் மாற்றும்போது வந்த வேறு சிக்கல்கள்

மூத்தவர் முதலில் எடிட்டரில் தேடி மாற்றும் வசதியால் கழிவு என்பதை எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றினார். துண்டில் அச்சாகும் தலைப்பு மாறியது. செலவுப் பட்டியலில் நெல் அவிக்கும் தொட்டியிலிருந்து போகும் கழிவுநீர் என்ற வகை இருந்தது, அது “ஈர_எடைக்குறைப்பு_கிலோநீர்” ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பின்வாங்கி, வி.எஸ். கோட் என்ற எடிட்டரில் ஃபங்ஷன் பெயர் மேல் நின்று எஃப்2 அழுத்திப் பெயர் மாற்றும் முறையில் செய்தோம். அது எழுத்துகளைத் தேடுவதில்லை, அந்தப் பெயர் உண்மையில் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று பார்த்து மாற்றும். நட்சத்திர இம்போர்ட்டை முன்பே எடுத்திருந்ததால் அது தடுமாறாமல் செய்தது.

புதன்கிழமை, கணக்கைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக வெளியே எடுக்கும் பகுதி நின்றுபோனது. மூத்தவர் ஒரு பரிசோதனைக் கோப்பை அதே அடைவில் (ஃபோல்டரில்) சிஎஸ்வி என்ற பெயரில், ஆங்கில எழுத்தில், சேமித்திருந்தார். பைதான் மாட்யூலைத் தேடும்போது ஓடும் நிரல் இருக்கும் அடைவை முதலில் பார்க்கும், தன் நிலையான நூலகத்துக்குப் பிறகுதான் போகும். அதனால் உண்மையான சிஎஸ்வி மாட்யூலுக்குப் பதில் இந்தக் கோப்பு ஏறியது. கோப்பின் பெயரை மாற்றியதும் சரி.

மூன்றாவது, மோதலுக்கு நேர் எதிரானது. மாதச் சுருக்கத்தில் கொக்கட்டிச்சோலை என்ற ஊர் இரண்டு தரம் வந்தது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றி எடுத்த பட்டியலில் ‘கொ’, ‘சோ’ ஆகியவற்றின் உயிர்க்குறி இரண்டு துண்டாக, கொம்பு தனி கால் தனியாக இருந்தது. விசைப்பலகையில் நேராக அடித்ததில் ஒரே குறியீடாக இருந்தது. ஃபங்ஷன், மாறி ஆகியவற்றின் பெயர்களைப் பைதான் தானே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் நிரலில் இந்தப் பிரச்சினை எழவில்லை. தரவாக இருக்கும் சொற்களை அது தொடாது. ஊர்ப்பெயர்கள் உள்ளே வரும் இடத்திலேயே யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது) செய்து சரிக்கட்டினோம். தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பின்னர்

அந்தப் போகம் முடியும்வரை கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நாளும் முதல் மூன்று துண்டுகளைக் கையால் சரிபார்த்தார். வித்தியாசம் வரவில்லை. துண்டில் “கழிவு” என்று இருந்த இடத்தில் இப்போது “ஈரக் கழிவு” என்றும், பக்கத்தில் ஈரமானி காட்டிய அளவும், கழிந்த கிலோவும் அச்சாகின்றன. அதைக் கேட்டவர் அந்த 860 கிலோக்காரர்தான். எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு போனது என்று துண்டிலேயே இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் கொடுத்துக் கணக்குப் பார்க்கலாமே என்றார்.

மாற்றிச் செய்வதானால்

இரண்டு கோப்புகளையும் தனித்தனியே சோதித்தவர்கள், மூன்றும் சேர்ந்து ஓடும் வழியில் ஒரு துண்டுகூடப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது புதிய பதிப்பு போடுமுன் பிரதான கோப்பின் வழியாக மூன்று துண்டுகள் தானாக ஓடும். ஈரம் 18, 14, 13. விடை 57.67, 0, 0. ஒன்று பிசகினாலும் பதிப்பு ஏறாது. அறுவடை நடுவே, அதுவும் திங்கட்கிழமை காலையில், பதிப்பு மாற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

நிரலைச் சரிபார்க்கும் கருவியாக ரஃப் சேர்க்கப்பட்டது. நட்சத்திர இம்போர்ட்டை அது சுட்டிக்காட்டும். பெயர் சொல்லி எடுக்கும்போது, பயன்படுத்தாத ஒரு பெயரை இன்னொன்று மூடினால் அதையும் சொல்லும். நட்சத்திரம் இருந்தால் எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அதற்கே தெரியாது என்பதால், அதை விலக்கியதுதான் முதல் படி.

நான் கற்பித்த விதத்திலும் ஒரு குறை இருந்தது. சிறு பயிற்சிகளில் நட்சத்திர இம்போர்ட்டை நானே வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன், நேரம் மிச்சம் என்று. இனிப் போட மாட்டேன்.

சிறுபோகத்துக்கு முன் பதருக்கும் கல்லுக்கும் எடை கழிக்கும் பகுதி சேர்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டிருக்கிறார். ஆலையில் அதற்கும் பெயர் கழிவுதான். இளையவர் நிரலைத் திறக்குமுன் கணக்கப்பிள்ளையிடம் போய், ஆலையில் எதையெல்லாம் கழிவு என்கிறீர்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். ஐந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோவா ரூபாவா என்றும் எழுதியிருக்கிறார்.